பேனாவில் எழுதிய எண்

ஜூன் 3, செவ்வாய்

இடது கை இயந்திரத்துக்குச் சொந்தம். வலது கை எனக்குச் சொந்தம். அந்த ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு நான் எது செய்தாலும் டயாலிசிஸ் சிஸ்டருக்குப் பொறுக்காது. அசையாதீங்கம்மா, அசையாதீங்கம்மா என்று காலையிலிருந்து ஒரே பாட்டு. நான் எங்கே அசைகிறேன்? பென்சில்தான் அசைகிறது.

இந்த நோட்டு இளவேனில் வாங்கித் தந்தது. ஒரே மகள், கோயம்புத்தூரில் விவசாயப் படிப்பு, ஹாஸ்டல். என் எரிச்சலையெல்லாம் இதில் எழுதச் சொன்னாள், அவள் அப்பா மேல் காட்ட வேண்டாமாம். எரிச்சல் வராத நாளில் என்ன எழுதுவது என்று கேட்டேன். அப்படி ஒரு நாள் வந்தால் போன் பண்ணு என்றாள். திமிர் என்னிடமிருந்து போனதுதான்.

முதல் பக்கம் என்பதால் முறையாக எழுதிவிடுகிறேன். பெயர் தமயந்தி. திருச்சி கோர்ட் பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். சிறுநீரகம் இரண்டும் போன வருடம் கைவிட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் இந்த ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சலித்து உள்ளே அனுப்புகிறார்கள். அந்த நேரத்தில் நான் சுடோகு கட்டுகிறேன். போடுகிறவள் அல்ல, கட்டுகிறவள். பேப்பரில் வருகிறதே, குறுக்கே நெடுக்கே பெட்டிக்குள்ளே ஒன்று முதல் ஒன்பது வரை ஒரு தடவைதான் வர வேண்டும் என்று, அது வெறும் சோறு. நான் அதன் மேல் ஒரு விதி சேர்ப்பேன். யாரும் கேள்விப்படாத விதியாக இருந்தால் இன்னும் சந்தோஷம்.

போட்டு உடைப்பதற்குப் பக்கத்து நாற்காலியில் சவரிமுத்து அண்ணன் இருக்கிறார். பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்று அவருக்குக் குதிரை விதி கொடுத்தேன். சதுரங்கக் குதிரை தாவுகிற தூரத்தில் ஒரே எண் இரண்டு முறை இருக்கக் கூடாது. பாதியில் குதிரையை மறந்துவிட்டு, கட்டம் தப்பு என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். விதியைப் படிக்காதவர்கள் எல்லோரும் கட்டத்தைத்தான் குறை சொல்வார்கள்.

ஜூன் 5, வியாழன்

இன்று புள்ளி விதி. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் அடுத்தடுத்த எண் வந்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி. ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு என்றால் கறுப்புப் புள்ளி. போட வேண்டிய புள்ளி எல்லாவற்றையும் போட்டுவிட்டேன் என்று கீழே தடித்த எழுத்தில் அச்சடித்தும் இருந்தேன்.

அண்ணன் புள்ளி இருக்கிற இடத்தையெல்லாம் சுத்தமாகப் போட்டுவிட்டு நடுவில் மாட்டிக்கொண்டார். இனி போகவே வழியில்லை என்றார். புள்ளி இல்லாத இடத்தைப் பாருங்கள் என்றேன்.

"அங்க என்னம்மா இருக்கு, ஒண்ணுமில்லையே?"

"அதாண்ணே சேதி. அடுத்த எண்ணும் வராது, ரெண்டு மடங்கும் வராது. ஒண்ணும் போடாம விட்டதுல எவ்வளவு சொல்லியிருக்கேன் பாருங்க."

புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு ஏகப்பட்ட குஷி. மிஷினில் அழுத்தம் ஏறிவிட்டது என்று சிஸ்டர் ஓடி வந்தார்.

டாக்டர் ரவுண்டு வந்தபோது மறுபடி அதே பேச்சு. குடும்பத்தில் யாராவது கொடுக்க முன்வந்தால் மாற்று அறுவைக்கு இப்போது நல்ல நேரம், உடம்பு இன்னும் தாங்கும், இரண்டு வருடம் போனால் சொல்ல முடியாது என்றார். அம்மா அப்பா இல்லை, தம்பிக்குச் சர்க்கரை, வீட்டுக்காரருக்கு ரத்த வகை AB, எனக்கு O, பொருந்தாது என்று ஒப்பித்தேன். மார்ச்சிலேயே வெளியே ஒரு லேபில் பார்த்துவிட்டு வந்து வீட்டுக்காரரே சொன்னார். எனக்கு யாருடைய சிறுநீரகமும் வேண்டாம் டாக்டர், இந்த மிஷினே போதும், இது பதில் பேசுவதில்லை என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது டாக்டர் சொன்னதை வீட்டுக்காரர் மதியழகனிடம் சொன்னேன். ரசத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார். அப்பளம் இன்னொன்று இருக்கிறதா என்றார். இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

கீரையை வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டி, மறுபடி வேகவைத்து, மறுபடி கொட்டி, மிச்சமிருக்கிற சக்கையைச் சாப்பிட வேண்டும். பொட்டாசியம் போக வேண்டுமாம். ருசியும் கூடவே போகிறது. உப்பு அளவு, தண்ணீர் அளவு, இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. சுடோகுவில் ஒரு விதி கூடச் சேர்த்தால் அது வழி காட்டும். இங்கே எந்த விதியும் எந்த வழியும் காட்டவில்லை, கதவை மட்டும் சாத்துகிறது. கட்டத் தெரியாதவன் கட்டிய கட்டம் இது.

மதியழகன் ஸ்ரீரங்கத்திலிருந்து இமாம்பசந்த் மாம்பழம் வாங்கி வந்து, நான் பார்க்கக் கூடாதென்று பைக் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தார். வாசனையை எங்கே ஒளிப்பார்? நல்ல மனிதர்தான். தெருவில் யார் வீட்டில் சண்டை என்றாலும் முதல் ஆளாக நிற்பார். பைக் ஷோரூமில் அவர் குரல் கேட்டால் மெக்கானிக்குகள் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவார்கள். எனக்கு ஊசி குத்தும்போது மட்டும் போன் பேச வெளியே போய்விடுவார்.

அவர் குளிக்கப் போனதும் ஒரு துண்டு அறுத்துத் தின்றேன். கொட்டையையும் விடவில்லை. டாக்டர் இதைப் படிக்கப் போவதில்லை.

ஜூன் 12, வியாழன்

சவரிமுத்து அண்ணனுக்கு அவர் மனைவி ஆரோக்கியமேரி அக்கா ஒரு சிறுநீரகம் கொடுத்திருக்கிறார். பல வருடம் ஓடியது, பிறகு அதுவும் நின்று, அண்ணன் மறுபடி நாற்காலிக்கு வந்துவிட்டார். இன்று அக்கா இட்லி கொண்டுவந்தார். உங்களிடம் அண்ணன் எப்படிக் கேட்டார் என்று சும்மா விசாரித்தேன்.

"அவரு எங்க கேட்டாரு? யாரும் கேக்கல. எல்லாரும் என்னையப் பாத்தாங்க, அவ்வளவுதான். டாக்டரு பாத்தாரு, மாமியா பாத்தாங்க, என் கூடப்பொறந்த அண்ணனே பாத்தாரு. நான் கையெழுத்துப் போட்டேன்."

வருத்தமா என்று கேட்டேன். கொடுத்ததில் வருத்தமில்லை, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றார். அண்ணன் கண்ணை மூடித் தூங்குவதுபோலக் கிடந்தார்.

வார்டை ஒரு சுற்றுப் பார்த்தேன். எதிர் வரிசை வாத்தியாருக்கு அம்மா தரப்போகிறார். கடைசி நாற்காலிப் பையனுக்கு அக்கா. ஜன்னலோரம் இருக்கிற லாரிக்காரருக்கு மனைவி, நாள்கூடக் குறித்தாகிவிட்டது. பெண் நோயாளிகள் என்னோடு சேர்த்து நாலு பேர். எங்களுக்கு இந்த மிஷின். நான் பொறாமைப்பட்டு எழுதவில்லை. வரிசையில் எது எங்கே வருகிறது என்று பார்ப்பது எனக்குப் பழக்கம், அதனால் எழுதுகிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

இளவேனில் போன். காலேஜில் ரத்ததான முகாமாம், முதல் முறையாகக் கொடுத்தாளாம், பிஸ்கட்டும் ஜூஸும் தந்தார்களாம். நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மதியழகன் பக்கத்தில் உட்கார்ந்து பைக் சாவிக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் O பாசிட்டிவ்மா. உன் க்ரூப்பு. நான் தரேன். எனக்கு இருபது வயசு ஆச்சு, யாரும் தடுக்க முடியாது."

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். செமத்தியாகத் திட்டினேன். நாளைக்குக் கல்யாணம், பிள்ளை, எவ்வளவு இருக்கிறது, நீ படிக்கிற படிப்பைப் படி என்றேன். அவளும் விடவில்லை. நீ செத்துப்போனால் நான் படித்து என்ன செய்ய என்று ஒரு வார்த்தை விட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதனால் இன்னும் சத்தமாகத் திட்டினேன்.

போனை வைத்த பிறகு மதியழகன் சாவியைப் பார்த்துக்கொண்டே, அவள் ஆசைப்படுகிறாள், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு வைப்போமே என்றார்.

ஒரு வார்த்தையும் கேட்க வேண்டாம் என்றேன். அடுப்பில் பருப்பு பிடித்துவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

சவரிமுத்து அண்ணன் பழி வாங்கிவிட்டார். வாழ்க்கையில் முதல் முறையாக அவரே ஒரு கட்டம் கட்டி எடுத்து வந்திருந்தார். கோடு போட்ட பேப்பர், ஸ்கேல் வைத்து இழுத்த கட்டம், நீலப் பேனாவில் எண்கள். கீழே விதி: ஒவ்வொரு குறுக்கு வரிசையிலும் பேனாவில் எழுதிய எண்களில் ஒன்று பொய். எது என்று கண்டுபிடித்து, அடித்துவிட்டுச் சரியான எண்ணைப் போட வேண்டும்.

விதியைப் படித்தேன். நன்றாகப் புரிந்தது. பென்சிலை எடுத்துப் போட ஆரம்பித்தேன். ஐந்தாவது வரிசையில் இடித்தது. அழித்தேன். வேறு வழியாகப் போனேன். மறுபடி இடித்தது. மறுபடி அழித்தேன். பேப்பர் பிய்ந்துபோகும் அளவுக்கு அழித்தேன். நான் அழித்ததெல்லாம் என் பென்சில் எண்களைத்தான். அவருடைய பேனா எண் ஒன்றன் மேலும் என் கை போகவில்லை. அறிவுக்கு விதி தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. இத்தனை வருடப் பழக்கம். பேனாவில் இருப்பது கொடுத்த எண், அதன் மேல்தான் மற்றதைக் கட்ட வேண்டும். எங்கேயாவது இடித்தால் தப்பு நம்மிடம்தான். சுடோகு போடுகிற யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள்.

"தமயந்தி, உன் நம்பரையே அழிச்சுக்கிட்டு இருக்கியே. நான் குடுத்ததுலயும் ஒண்ணச் சந்தேகப்படு தாயி."

அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. நான் கோபத்தில் ஐந்தாவது வரிசையில் அவர் எழுதிய ஏழு என்ற எண்ணை அடித்தேன். அதன் பிறகு எல்லாம் வரிசையாக விழுந்தது. நல்ல கட்டம்தான். அதை அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 18, புதன்

தலைவலி. கடை திறக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

கடையில் ஒரு டியூஷன் சென்டர்காரர் ப்ளஸ் டூ உயிரியல் வினாத்தாள் டைப் அடிக்கக் கொடுத்திருந்தார். எத்தனையோ வருடமாக அடிக்கிற கேள்விகள். கை தானாக ஓடும், கண் பார்க்காது. இன்று கண் பார்த்தது.

தாய் O வகை, தந்தை AB வகை எனில் பிள்ளைகளுக்கு வர வாய்ப்புள்ள ரத்த வகைகள் யாவை? விடையும் எனக்கே தெரியும், விடைத்தாளையும் நான்தானே அடிப்பது. A வரலாம். B வரலாம். AB வராது. O வரவே வராது.

நான் O. பிரசவத்தின்போதே ஆஸ்பத்திரியில் எழுதினார்கள், இப்போது டயாலிசிஸ் ஃபைலிலும் அதுதான் இருக்கிறது. இளவேனில் O. போன வாரம் அவள் ரத்தத்தைப் பையில் பிடித்தார்கள். அவள் யாருக்குப் பிறந்தாள் என்பதில் எனக்குச் சந்தேகம் வர வழியில்லை, மூக்கைப் பார்த்தால் பேங்க்கில் கடனே கொடுப்பார்கள், அப்படியே மதியழகன்.

மிச்சம் ஒரே ஒரு எண்தான், அவர் கொடுத்தது.

டியூஷன்காரர் வந்தபோது வினாத்தாள் முடியவில்லை. கரண்ட் இல்லை என்று பொய் சொன்னேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, அவரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஜூன் 21, சனி

நேற்று கடையில் உட்கார்ந்து கட்டிய புதுக் கட்டத்தை இன்று வார்டுக்குக் கொண்டுபோனேன். பேனா எண் ஒன்றுகூட இல்லை. வெறும் விதிகள்தான்: குதிரை, புள்ளிகள், அப்புறம் தெர்மாமீட்டர். தெர்மாமீட்டர் என்றால் குமிழிலிருந்து நுனி வரைக்கும் எண் ஏறிக்கொண்டே போக வேண்டும். கொடுத்த எண் எதுவும் கிடையாது, யார் சொன்னதையும் நம்ப வேண்டாம், விதியை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசி வரை போகலாம். ஒரே ஒரு விடைதான் என்று கடைக் கம்ப்யூட்டரில் சரிபார்த்தேன்.

சவரிமுத்து அண்ணன் வெறும் கட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னம்மா, யார் மேல கோபம் என்றார். உங்கள் மேல்தான் என்றேன். நம்பவில்லை.

மதியழகன் என்னை அழைத்துப்போக வந்தார். வழியில் இளநீர்க் கடையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார், நான் ஏங்கக் கூடாதென்று. பைக்கில் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருந்தது. அழவும் வேண்டும் போல இருந்தது. சிக்னல் விழுந்தது, வீட்டுக்கு வந்தோம்.

ஜூன் 24, செவ்வாய்

எனக்காக இல்லை, சும்மா தெரிந்துகொள்வதற்காக டாக்டரிடம் ஒன்று கேட்டேன். புருஷனுக்கு வேறு வகை என்றால் அத்தோடு முடிந்ததா என்று. முடியவில்லையாம். இப்படிப் பொருந்தாத இரண்டு குடும்பங்கள் மாற்றிக்கொள்ளலாமாம். இந்த வீட்டுப் புருஷன் அந்த வீட்டு மனைவிக்கு, அந்த வீட்டுப் புருஷன் இந்த வீட்டு மனைவிக்கு. சட்டம் அனுமதிக்கிறது, குழு பார்த்து ஒப்புதல் தர வேண்டும். O-வுக்கு ஜோடி அமைவது கொஞ்சம் சிரமம், ஆனால் பேர் கொடுத்தால்தானே அமையும் என்றார்.

யாருக்கும்மா கேட்கிறீர்கள் என்றார். தெரிந்தவர் ஒருவருக்கு என்றேன்.

ஜூன் 27, வெள்ளி

இளவேனில் சொல்லாமல் கொள்ளாமல் பையோடு வந்து நிற்கிறாள். திங்கள்கிழமை ஆஸ்பத்திரியில் டெஸ்டுக்குப் பேர் கொடுத்திருக்கிறாளாம். யாரைக் கேட்டுக் கொடுத்தாய் என்றேன். அப்பாவிடம் சொன்னேன் என்றாள்.

அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அவர் சரி என்றிருக்கிறார்.

தோசை வார்த்துப் போட்டேன். மூன்று பேரும் சாப்பிட்டோம். அவள் தட்டில் போட வேண்டிய தோசையை அவர் தட்டில் போட்டுவிட்டேன். மிஷினுக்கு நாளைக்குப் போக வேண்டும், அதனால் உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று அவளிடம் சொன்னேன்.

ஜூன் 29, ஞாயிறு

நேற்று முழுக்க எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். இன்று காலை யோசிக்காமல் ஆரம்பித்துவிட்டேன். மதியழகன் ஷேவ் செய்துகொண்டிருந்தார். இளவேனில் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளும் கேட்கட்டும் என்றுதான் கூடத்திலேயே நின்றேன்.

உங்கள் ரத்தம் AB இல்லை என்றேன். AB-யாக இருந்தால் இவள் O-வாகப் பிறந்திருக்க முடியாது, ப்ளஸ் டூ பிள்ளைகூடச் சொல்லும் என்றேன். எந்த லேபில் பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

முகத்தில் சோப்பு நுரையோடு நின்றார். லேப் தப்பாகப் போட்டிருப்பான் என்றார். பிறகு, ஷோரூமில் யாரோ சொன்ன லேப் என்றார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். பாதி முகம் மழித்திருந்தது, பாதி மழிக்கவில்லை.

"லேபு வாசல் வரைக்கும் போனேன். உள்ள போகல."

அவருடைய அண்ணன் குடலிறக்க ஆபரேஷனுக்குப் போனவர். சின்ன ஆபரேஷன், மறுநாள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றார்கள். வரவில்லை. அதெல்லாம் எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் நடந்தது, அப்போது இவருக்கு இருபத்திரண்டு வயது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு கதவு வரை போனது இவர்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் குறையவில்லை. பயந்தது பாவமில்லை. பயந்ததை என்னிடம் மறைத்துவிட்டு, இந்தப் பிள்ளை வயிற்றைக் கிழித்துக்கொள்ளக் கிளம்பும்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? மூன்று மாதமாக அந்த AB-யை நம்பி டாக்டரிடம் ஒப்பித்தேன், தம்பியிடம் சொன்னேன், எனக்கே சொல்லிக்கொண்டேன். யாரும் வேண்டாம், மிஷின் போதும் என்று இந்த நோட்டிலேயே எழுதியிருக்கிறேன். அதெல்லாம் நான் வேண்டாம் என்று சொன்னதா, யாரும் தர மாட்டார்கள் என்று முந்திக்கொண்டு சொன்னதா?

இளவேனில் எழுந்து வந்து, விடும்மா, அப்பாவைக் கேட்காதே, நான்தான் தருகிறேனே என்றாள். நீ சும்மா இரு என்றேன். அப்புறம் அவர் முன்னால் போய் நின்றேன்.

"எனக்கு வேணுங்க. நான் சாகறதுக்குத் தயாரா இல்ல. இவ்வளவு நாளா வாய விட்டுக் கேக்கல, இப்பக் கேக்குறேன். இவகிட்ட இல்ல, உங்ககிட்டக் கேக்குறேன். தருவீங்களா மாட்டீங்களா?"

சொல்லும்போது எனக்குக் குரல் உடையவில்லை. உடையும் என்று பயந்திருந்தேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனி பாதி போய்விட்டது, அடுத்து ஆடி வருகிறது, ஆவணி பிறக்கட்டுமே என்றார். என் ரத்தத்தில் ஏறுகிற யூரியாவுக்கு ஆடி ஆவணியெல்லாம் தெரியாது என்றேன். தர மாட்டீர்கள் என்றால் தர மாட்டேன் என்று சொல்லுங்கள், நான் உங்களை விட்டுப் போய்விட மாட்டேன், ஆனால் அதை இவளிடம் நீங்களே சொல்லுங்கள் என்றேன். இனி AB கீபி எதுவும் இந்த வீட்டில் வேண்டாம் என்றேன்.

கடைசியில் இளவேனிலைக் கூப்பிட்டு, நாளை டெஸ்டை ரத்து செய் என்றார். அப்பா பயந்துட்டேன் பாப்பா என்று அவளிடம் சொன்னார். அவள் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். நான் சமையலறைக்குப் போய்விட்டேன். அவர்கள் இரண்டு பேருக்கும் சாம்பார், எனக்கு வடித்த கீரை.

மீதிப் பாதி முகத்தை அவர் சாயங்காலம்தான் மழித்தார்.

ஜூலை 1, செவ்வாய்

இளவேனில் நேற்று ராத்திரி பஸ்ஸில் கோயம்புத்தூர் போய்விட்டாள். ஏற்றிவிடும்போது, தினமும் போன் பண்ணுவேன், மழுப்பினால் தெரிந்துவிடும் என்று எங்கள் இரண்டு பேரையும் மிரட்டிவிட்டுப் போனாள்.

சவரிமுத்து அண்ணன் அந்த வெறும் கட்டத்தைப் போட்டு முடித்துக் கொண்டுவந்தார். பத்து நாளாக வீட்டில் யாரோடும் பேசவில்லையாம், ஆரோக்கியமேரி அக்கா புகார். ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தேன். அத்தனையும் சரி. எப்படி ஆரம்பித்தீர்கள் என்று கேட்டேன். புள்ளி இல்லாத இடத்திலிருந்து என்றார். நல்லா இருக்குண்ணே, உங்க பொய்க் கட்டமும் நல்லா இருந்துச்சு என்று இன்றைக்குச் சொல்லிவிட்டேன். மனிதர் வெட்கப்பட்டார்.

அக்கா கிளம்பும்போது அண்ணன் அவர் கையைப் பிடித்து, அன்னைக்குக் கேக்காம விட்டுட்டேன் மேரி என்றார். அக்கா, இப்ப என்னத்துக்கு அது என்று டிபன் பாக்ஸை மூடினார். ஆனால் உடனே கிளம்பவில்லை. நாற்காலி ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 4, வெள்ளி

மதியழகன் ஷோரூமுக்கு லீவு போட்டார். ஆஸ்பத்திரி லேபிலேயே எடுப்போம் என்றேன், வெளி லேப் வேண்டாம். சரி என்றார். ஊசியைப் பார்த்ததும் அவருக்கு நெற்றி வேர்த்துவிட்டது. முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு, என் கையை இறுக்கிப் பிடித்தார். அது மிஷின் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாயை இணைத்து ஃபிஸ்டுலா வைத்த இடது கை, அழுத்தக் கூடாது. நான் மற்றக் கையை மாற்றிக் கொடுத்தேன்.

முடிவு வர நேரமாகும் என்றார்கள். கேன்டீனில் அவர் இரண்டு டீ குடித்தார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னென்னவோ பேசினார். ஷோரூமில் புதிதாக வந்த வண்டி, தம்பி வீட்டு விசேஷம், மழை. லேப் கவுன்டரில் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்து போனவர், சீட்டை அங்கேயே நின்று படித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"B பாசிட்டிவாம் தமயந்தி. பொருந்தாது."

முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ள முயற்சி செய்தார். ஆனால் தோள் இரண்டும் கீழே இறங்கிவிட்டன, மூச்சு நிதானமாகிவிட்டது. பாரம் இறங்கிய மனிதரின் உடம்பு அது. எத்தனையோ வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அது தெரியாதா? அந்த நிம்மதியைப் பார்த்தபோது எனக்கு வலித்தது, ஊசி எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. அவர் நினைத்த சாக்கு, பார்க்காமலேயே சொன்ன பொய், கடைசியில் முக்கால்வாசி நிஜமாகவே ஆகிவிட்டது. வீட்டுக்குப் போகலாமா, நீ படுத்து ஓய்வெடுக்க வேண்டும் என்று அவர் என் பையை எடுத்தார்.

அவரோடு கிளம்பியிருக்கலாம். யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், அவரையும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"உக்காருங்க" என்றேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். B என்றாலும் வழி இருக்கிறது. உங்களுடையது வேறு ஒரு வீட்டுக்கு, அந்த வீட்டினுடையது எனக்கு. முகம் தெரியாத ஒருவருக்காக நீங்கள் மேஜையில் படுக்க வேண்டும், அப்போதுதான் எனக்குக் கிடைக்கும். அமைய நாளாகலாம், அமையாமலும் போகலாம். இன்றைக்குப் பேர் கொடுக்க வேண்டும், இன்றைக்கே. ஒரு வார்த்தையும் சுருக்காமல், ஒரு வார்த்தையும் இனிப்புத் தடவாமல் சொன்னேன்.

பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு குழந்தை அழுதது, அதன் அம்மா தூக்கிக்கொண்டு போனாள். யாரோ ஒருவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள், அவர் கண்ணை மூடிக்கொண்டார், சத்தம் போன பிறகு திறந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. ஆரோக்கியமேரி அக்காவை எல்லோரும் பார்த்த மாதிரி நான் இவரைப் பார்க்கக் கூடாது என்று சுவரில் இருந்த கை கழுவும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டாகிவிட்டது. இனி அவர் வாயால் வர வேண்டும்.

"வலிக்குமா?" என்று கேட்டார்.

"வலிக்கும்" என்றேன்.

பேர் கொடுப்பது எந்த மாடி என்று கேட்டார்.